பூஸ்தா பாகாவைப் படிப்பது எப்படி? இத்தாலியில் வேலை செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தாலியில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு மாதாமாதம் வருவது பூஸ்தா பாகா, அதாவது சம்பளச் சீட்டு. உணவகச் சமையலறையோ, கிடங்கோ, துப்புரவோ, ஆலையோ, அலுவலகமோ, அதன் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். பெரும்பாலோர் கீழே வலது மூலையில் இருக்கும் நெத்தோவை, அதாவது கைக்கு வரும் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். வங்கியில் ஏறிய தொகையோடு அது ஒத்துப்போனால் மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஓய்வூதியம், வேலை போனால் கிடைக்கும் கொடுப்பனவு, சொஜ்ஜோர்னோ எனப்படும் தங்கும் அனுமதியின் புதுப்பிப்பு, குடும்பத்தை வரவழைப்பது என எல்லாமே அந்த மூலைக்கு மேலே உள்ள வரிகளைப் பொறுத்தவை. கீழே தந்துள்ள வீதங்களும் தொகைகளும் 2025ஆம் ஆண்டுக்குரியவை. வேறு ஆண்டு என்றால் அந்த இடத்திலேயே குறித்திருக்கிறேன்.

சீட்டு தருவது கட்டாயமா? கையெழுத்துப் போடச் சொன்னால் போடலாமா?

கட்டாயம். 1953 ஜனவரி 5ஆம் தேதிய 4ஆம் எண் சட்டமே அப்படிச் சொல்கிறது. தாளாகத் தரலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், நிறுவனத்தின் இணையக் கணக்கில் போடலாம். எதுவானாலும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

கையெழுத்தில் கொஞ்சம் கவனம் தேவை. ‘பெர் ரிச்சேவூத்தா’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், தாள் கிடைத்தது என்று மட்டும்தான் பொருள். ‘பெர் குவியெத்தான்சா’ என்றால் பணமும் முழுதாகக் கிடைத்தது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். பணம் வராமல் இரண்டாவதில் கையெழுத்துப் போடாதீர்கள். 2018 ஜூலை 1 முதல் சம்பளத்தைக் கையில் ரொக்கமாகத் தருவதற்குத் தடை இருக்கிறது. வங்கி வழியாகவோ, தடம் தெரியும் வேறு வழியிலோதான் தர வேண்டும். வீட்டு வேலைக்கு விலக்கு உண்டு. சீட்டில் இருக்கும் கையெழுத்து மட்டும் சம்பளம் கொடுத்ததற்குச் சான்றாகாது என்பதையும் இந்தத் தடையைக் கொண்டுவந்த சட்டமே சொல்லிவிட்டது.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

மேலிருந்து. சீட்டில் மூன்று பகுதிகள் உண்டு. மேற்பகுதியில் நிறுவனமும் நீங்களும், நடுவில் அந்த மாதக் கணக்கு, அடியில் வரி, காப்புறுதி, விடுப்பு மிச்சம், வேலையை விடும்போது கிடைக்கும் டி.எஃப்.ஆர் போன்றவை.

மேற்பகுதியில் கொதிச்சே ஃபிஸ்காலே எனப்படும் வரி அடையாள எண்ணை ஒரு தடவையாவது எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். நம் பெயர்கள் நீளம். தந்தை பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று எழுதுபவருக்குக் குழப்பம். ஒரு எழுத்து மாறினாலும் கட்டிய காப்புறுதி உங்கள் கணக்கில் சேராமல் எங்கோ நிற்கும். அப்புறம் வேலையில் சேர்ந்த தேதி, ஒப்பந்தம் முடியும் தேதி, பார்ட்-டைம் என்றால் அதன் சதவீதம். 40 மணி நேர வாரத்தில் 20 மணி என்றால் 50% என்று இருக்க வேண்டும்.

நடுப்பகுதியில் இரண்டு தொகைப் பத்திகள் உள்ளன. ‘கொம்பெத்தென்சே’ உங்களுக்கு வர வேண்டியது, ‘த்ரத்தெனூத்தே’ உங்களிடம் பிடிப்பது. எண்கள் எழுதும் முறையும் வேறு. அங்கே ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் வரும். 1.362,15 என்றிருந்தால் ஆயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு யூரோ பதினைந்து சென்ட். இந்தக் கட்டுரையில் நம் வழக்கப்படியே எழுதுகிறேன்.

சி.சி.என்.எல், லிவெல்லோ என்று இருக்கிறதே, அது எதற்கு?

சீட்டில் மிக முக்கியமான இரண்டு சொற்கள் இவைதான் என்பேன். இத்தாலியில் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று இல்லை. தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் துறை துறையாகப் போடும் தேசிய ஒப்பந்தம்தான் குறைந்தபட்சத்தைத் தீர்மானிக்கிறது. அதுதான் சி.சி.என்.எல். வணிகத்துக்கு ஒன்று, உலோகத் தொழிலுக்கு ஒன்று, சரக்குப் போக்குவரத்துக்கு ஒன்று, வீட்டு வேலைக்கு ஒன்று என நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சில பெயருக்குச் சங்கம் நடத்துவோர் போட்ட மலிவு ஒப்பந்தங்கள். இத்தாலியர்களே அவற்றைக் கடற்கொள்ளை ஒப்பந்தம் என்றுதான் அழைக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஒப்பந்தம் மாறினால் மாதத்துக்கு நூறு யூரோவும் அதற்கு மேலும் வித்தியாசம் வரலாம். சி.என்.இ.எல் என்ற அரசு மன்றத்தின் இணையதளத்தில் எல்லா ஒப்பந்தங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

லிவெல்லோ என்பது அந்த ஒப்பந்தத்துக்குள் உங்கள் படி. வணிக ஒப்பந்தத்தில் எண் குறையக் குறைய சம்பளம் கூடும்: 7 கடைசிப்படி, 1 உயர்ந்தது. உலோகத் தொழிலில் 2021 முதல் டி1 தொடங்கி ஏ1 வரை. வீட்டு வேலையில் நேர்மாறு, ஏ அடிப்படி, டி சூப்பர் உச்சி. முதியவரைப் பார்க்கும் பதாந்தேக்களில், பார்க்கப்படுபவர் தானாக எழுந்து நடமாடக்கூடியவர் என்றால் பி சூப்பர். முடியாதவர் என்றால் குறைந்தது சி சூப்பர். படுக்கையில் கிடக்கும் பாட்டியைத் தூக்கிக் குளிப்பாட்டும் ஒருவரின் சீட்டில் பி சூப்பர் என்று இருந்தால் படி தவறு. அந்தத் தவறு ஒவ்வொரு மாதமும் காசைத் தின்னும்.

பாகா பாஸே, கொந்திஞ்ஜென்சா, இ.டி.ஆர், ஸ்காத்தி, சூப்பர்மீனிமோ: இவை எல்லாம் என்ன?

பாகா பாஸே உங்கள் படிக்குரிய அடிப்படைச் சம்பளம். கொந்திஞ்ஜென்சா பழைய விலைவாசிப் படி. 1992இல் உறைய வைத்துவிட்டார்கள், அன்றிலிருந்து அதே தொகை. சில ஒப்பந்தங்களில் அது அடிப்படைச் சம்பளத்துக்குள்ளேயே கரைந்துவிட்டது. அந்த விலைவாசிப் படிக்கு ஈடாக அதே ஆண்டு உடன்பாட்டில் ஒப்புக்கொண்டதுதான் இ.டி.ஆர்: அன்றைய 20,000 லிரா, இன்றைய 10.33 யூரோ. அதைப் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

ஸ்காத்தி என்பது ஒரே நிறுவனத்தில் ஆண்டுகள் கூடக் கூட வரும் ஏற்றம். வணிகத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பத்து தடவை வரை. உலோகத் தொழிலில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்து வரை. அடுத்தது எப்போது என்று பல சீட்டுகளில் மேலேயே தேதி போட்டிருக்கும். அந்த மாதம் தொகை ஏறியதா என்று பாருங்கள்.

சூப்பர்மீனிமோ கொஞ்சம் சூட்சுமமானது. முதலாளி ஒப்பந்தத்துக்கு மேல் உங்களுக்கென்று கூட்டிக் கொடுப்பது அது. பக்கத்தில் ‘அஸ்ஸோர்பீபிலே’ என்று இருந்தால், நாளை தேசிய ஒப்பந்தத்தில் 60 யூரோ ஏறும்போது அந்த 60ஐ இதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ‘எல்லோருக்கும் ஏறியது, எனக்கு மட்டும் ஏறவில்லை’ என்று வருபவர்களில் பலருடைய சீட்டில் இந்தச் சொல்தான் இருக்கும். வேலைக்குச் சேரும்போதே ‘நோன் அஸ்ஸோர்பீபிலே’ என்று எழுதித் தரக் கேட்பது நல்லது. கிடைக்காமலும் போகலாம், ஆனால் கேட்பதற்கான நேரம் அதுதான்.

லோர்தோ (பிடித்தங்களுக்கு முந்திய சம்பளம்) 1,500 என்கிறார்கள். கையில் ஏன் 1,300 சொச்சம்?

ஒரு கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாதம் 1,500 யூரோ, ஆண்டுக்கு 14 சம்பளம், அதாவது 21,000.

முதலில் இன்ப்ஸ், அதாவது அரசின் சமூகக் காப்புறுதி. தொழிலாளியின் பங்கு பெரும்பாலும் 9.19%. பெரிய ஆலைகளில் 9.49%, அப்ரென்திஸ்தா எனப்படும் பயிற்சித் தொழிலாளிக்கு 5.84%. சிறு நிறுவனங்களில் வேலைக்குறைப்புக் கால நிதிக்கென்று இன்னும் ஒரு துளி பிடிப்பார்கள். 1,500க்கு 9.19% என்றால் 137.85. மிச்சம் 1,362.15. வரி போடுவது இந்தத் தொகைக்குத்தான், 1,500க்கு அல்ல. சீட்டில் ‘இம்போனீபிலே ஃபிஸ்காலே’ என்று இருப்பது இதுதான். வேலை விபத்துக் காப்புறுதியான இனாயிலை முழுக்க முதலாளியே கட்ட வேண்டும். அதை உங்கள் தலையில் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

அடுத்து இர்பெஃப், வருமான வரி. ஆண்டுக்கு 28,000 வரை 23%, 50,000 வரை 35%, அதற்கு மேல் 43%. நடுவில் உள்ள 35ஐ 2026 முதல் 33 ஆக்கிவிட்டார்கள். நம் கணக்கில் 23% மட்டும்தான் வரும்: 313.29.

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உடனே கீழே ‘தெத்ராசியோனி’ என்று ஒரு வரி இருக்கும். வேலை செய்பவர் என்பதற்காக வரியிலிருந்து தள்ளுபடி. ஆண்டு வருமானம் 15,000க்குள் என்றால் 1,955 யூரோ. அதற்கு மேல் போனால் ஒரு சூத்திரப்படி மாறும். நம் ஆளுக்கு ஆண்டுக்கு 2,727 சொச்சம், மாதத்துக்கு 227.29. ஆக உண்மையில் பிடிக்கும் வரி 86 யூரோ.

அப்புறம் 2025இல் வந்த வரிச்சுமைக் குறைப்பு. 20,000 வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரியில்லாத ஒரு தொகை சேர்த்துத் தருகிறார்கள். நம் ஆளுக்கு 4.8%, மாதம் 65.38. வருமானம் குறைவானவர்களுக்கு 5.3, 7.1 என்று வீதம் கூடும். 20,000க்கு மேல் 40,000 வரை இதே உதவி வரித் தள்ளுபடி வடிவில் வரும்.

எல்லாம் சேர்த்தால் 1,341.53. இதிலிருந்து ரெஜியோனே வரியும், அதாவது மாநில வரியும், ஊராட்சி வரியும் கழியும். மாநில வரியின் அடிப்படை வீதமான 1.23% மட்டும் என்றாலே மாதத்துக்கு 21 யூரோ. பல இடங்களில் இதைவிட அதிகம். கையில் 1,310 வந்தால் கணக்கு சரி.

15,000க்குள் வருமானம் என்றால் ‘த்ரத்தமெந்தோ இந்தெக்ராத்தீவோ’ என்று மாதம் 100 யூரோ வரை தனியாகச் சேரும். 2014இல் 80 யூரோவாகத் தொடங்கியதுதான் 2020 ஜூலையில் 100 ஆனது.

பதின்மூன்றாவது சம்பளம் ஏன் வழக்கமான சம்பளத்தைவிடக் குறைவு?

த்ரெதிச்சேஸிமா டிசம்பரில் வருவது, எல்லோருக்கும் உண்டு. பதினான்காவது கோடையில் வரும், வணிகம், சுற்றுலா போன்ற சில ஒப்பந்தங்களில் மட்டும். உலோகத் தொழிலில் கிடையாது. அதே 1,500 யூரோதான், அதே இன்ப்ஸ், அதே 23%. ஆனால் தெத்ராசியோனி நாள் கணக்கில் ஏற்கெனவே பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துக் கொடுத்தாயிற்று. இதற்கென்று தனியாகத் தள்ளுபடி இல்லை. ஆகவே 1,049 யூரோ அளவில் நிற்கும். முதலாளி திருடவில்லை.

ஆண்டின் நடுவில் சேர்ந்தவருக்கு வேலை செய்த மாதங்களுக்கு மட்டும் கிடைக்கும். ஒரு மாதத்தில் 15 நாளாவது வேலையில் இருந்தால் அதை முழு மாதமாக எடுத்துக்கொள்வது பொது வழக்கம்.

டிசம்பரில் கூடுகிறது, ஜனவரியில் குறைகிறது, மார்ச்சில் இன்னும் குறைகிறது. ஏன்?

மாநில, ஊராட்சி வரிகளால். சென்ற ஆண்டுக்கான இந்த வரிகளை ஜனவரி முதல் நவம்பர் வரை 11 தவணையில் பிடிப்பார்கள். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை, நடப்பு ஆண்டு ஊராட்சி வரியின் 30% முன்பணமாக 9 தவணையில் சேரும். டிசம்பரில் இரண்டும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள், அடுத்த ஜனவரியில் திடீரென்று பிடித்தம் தொடங்கும். அதைச் சம்பளக் குறைப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

கொன்குவாலியோ என்று போட்டு ஒரு பெருந்தொகையைப் பிடித்துவிட்டார்கள். திரும்பக் கிடைக்குமா?

கொன்குவாலியோ என்பது ஆண்டு முடிவில் நேர் செய்யும் கணக்கு. மாதாமாதம் உத்தேசமாகப் பிடித்த வரியை, உண்மையில் வந்த ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டு, கூடுதலாகப் பிடித்திருந்தால் திருப்பித் தருவார்கள், குறைவாகப் பிடித்திருந்தால் எடுப்பார்கள்.

இதில் அடிபடுவோர் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வேலை செய்பவர்கள். காலையில் ஒரு நிறுவனத்தில் துப்புரவு, மாலையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுதல். இரண்டிலும் வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 9,000 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முதலாளியும் ‘இவருக்கு 9,000தான் வருமானம்’ என்று எண்ணி முழுத் தள்ளுபடி கொடுத்து, 115 யூரோ மட்டும் வரி பிடிக்கிறார். இரண்டும் சேர்ந்து 230. ஆனால் அரசின் கண்ணுக்கு வருமானம் 18,000. அதற்குரிய வரி சுமார் 1,315. இடைவெளி ஆயிரத்து எண்பது சொச்சம். அதோடு இருவரும் மாதாமாதம் 100 யூரோ த்ரத்தமெந்தோ கொடுத்திருந்தால், 15,000ஐத் தாண்டிவிட்டதால் அந்த 2,400ஐயும் திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டு முதலாளிகளும் தரும் ஆண்டு வருமானச் சான்றான சி.யுவைத் தூக்கிக்கொண்டு, வரி அறிக்கை போட உதவும் காஃப் அலுவலகத்துக்குப் போகும்போதுதான் இது தெரியவரும், அதுவும் அடுத்த கோடையில்.

வழி எளிது. இரண்டாவது முதலாளியிடம் ‘எனக்கு வேறு வேலை இருக்கிறது, தெத்ராசியோனியும் த்ரத்தமெந்தோவும் இங்கே வேண்டாம்’ என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். மாதச் சம்பளம் கொஞ்சம் குறையும், தலையில் இடி விழாது. ஒரே முதலாளிதான், அவர் தவறாகக் கொடுத்த த்ரத்தமெந்தோவைத் திரும்பப் பிடிக்கிறார் என்றால், தொகை 60 யூரோவுக்கு மேல் இருந்தால் 8 தவணையில்தான் பிடிக்க வேண்டும்.

மனைவியும் பிள்ளைகளும் ஊரில். முன்பு கிடைத்த தள்ளுபடி ஏன் நின்றுவிட்டது?

இரண்டு மாற்றங்கள். 2022 மார்ச் முதல் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான தள்ளுபடியையும் குடும்பப் படியையும் சீட்டிலிருந்து எடுத்துவிட்டு, அசெஞ்ஞோ உனிகோ என்று இன்ப்ஸ் நேராக வங்கியில் போடுகிறது. அது இத்தாலியில் உங்களோடு வாழும் பிள்ளைகளுக்கு. நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், முதலாளிக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது இன்னும் கசப்பானது. 2025 ஜனவரி முதல், ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையோ, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளின் குடியுரிமையோ இல்லாதவர்கள், வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தினருக்காகத் தள்ளுபடி கேட்க முடியாது. யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கும் மனைவிக்காகக் கிடைத்துவந்த, ஆண்டுக்கு 690 யூரோ அளவிலான தள்ளுபடி இப்படித்தான் போனது. இத்தாலியக் குடியுரிமை எடுத்துவிட்டவருக்கு இந்தத் தடை இல்லை. இன்னும் பழைய தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் மொத்தமாகக் கேட்பார்கள்.

ஃபெரியே, ரோல் கட்டத்தில் உள்ள எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

ஃபெரியே என்பது ஆண்டு விடுப்பு. ‘மாத்துராத்தே’ சேர்ந்தது, ‘கொதூத்தே’ எடுத்தது, ‘ரெசீதுவே’ மிச்சம். ‘ஏ.பி’ என்றால் சென்ற ஆண்டினுடையது. நாள் கணக்கா மணிக் கணக்கா என்று முதலில் பாருங்கள். ‘80 விடுப்பு இருக்கிறது’ என்று குதித்தால் அது 80 மணி, அதாவது பத்து நாளாக இருக்கும்.

ஆண்டுக்கு நான்கு வாரம் சட்டப்படி உண்டு. இரண்டு வாரத்தை அந்த ஆண்டிலேயே எடுக்க வேண்டும், மிச்சத்தை ஆண்டு முடிந்து 18 மாதத்துக்குள். வேலையில் இருக்கும்வரை இந்த நான்கு வாரத்துக்குப் பதிலாகப் பணம் தர முடியாது. ரோல் என்பது மணிக்கணக்கில் எடுக்கும் அனுமதி. எடுக்காவிட்டால் அதைப் பணமாக்கலாம்.

ஊருக்குப் போக இரண்டு மாத விடுப்பு தேவைப்படுகிறவர்கள் இந்தக் கட்டத்தை மாதாமாதம் பார்ப்பது நல்லது. கடை மூடியிருந்த நாட்களையும், வேலை இல்லை என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிய நாட்களையும் ஃபெரியே என்று எழுதிவிடுவது நடக்கிறது. டிக்கெட் போட்ட பிறகு ‘உனக்கு மிச்சம் ஆறு நாள்தான்’ என்று கேட்பதைவிட, நடந்த மாதமே கேட்டுவிடலாம்.

உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளம் உண்டா?

உண்டு. முதல் மூன்று நாளை இன்ப்ஸ் தராது, ஒப்பந்தப்படி முதலாளி தருவார். நான்காம் நாள் முதல் இருபதாம் நாள் வரை பொதுவாக 50%, அதற்குமேல் 180 நாள் வரை 66.66%. மேலே உள்ள வித்தியாசத்தை ஒப்பந்தத்தைப் பொறுத்து முதலாளி நிரப்புவார். பணத்தை முதலாளி சீட்டிலேயே முன்கூட்டித் தருவதுதான் வழக்கம். மருத்துவர் சான்றிதழை இணையத்தில் அனுப்பியதும் அதன் எண்ணை வாங்கி முதலாளிக்குச் சொல்லுங்கள். காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 7 வரை வீட்டில் இருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்ப்பார்கள்.

டி.எஃப்.ஆர் என் பணமா, முதலாளி பணமா?

உங்கள் பணம், பிறகு கிடைக்கும் சம்பளம். ஆண்டுச் சம்பளத்தை 13.5ஆல் வகுத்தால் வருவதை (சிறு கழிவு போக) ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்குவார்கள். ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். அதற்கு ஆண்டுதோறும் 1.5%உம் விலைவாசி ஏற்றத்தின் முக்கால் பங்கும் சேரும். ராஜினாமா செய்தாலும் வேலையை விட்டு நீக்கினாலும் கொடுத்தாக வேண்டும். எட்டு ஆண்டு ஒரே இடத்தில் இருந்தால், முதல் வீடு வாங்குவது, பெரிய மருத்துவச் செலவு போன்றவற்றுக்கு 70% வரை முன்பாகக் கேட்கலாம்.

வேலைக்குச் சேரும்போது ஒரு படிவம் தந்து, டி.எஃப்.ஆரை நிறுவனத்தில் விடுகிறீர்களா, ஓய்வூதிய நிதிக்கு அனுப்புகிறீர்களா என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் விட்டால் நிதிக்குப் போய்விடும். அங்கே போனால் வேலையை விட்டவுடன் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. சில ஆண்டுகளில் நாடு மாறும் எண்ணம் இருந்தால் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவதே மேல்.

சீட்டில் என்னென்ன தில்லுமுல்லு நடக்கிறது?

மிக அதிகமாக நடப்பது மணிக் குறைப்பு. செய்வது வாரம் 50 மணி, சீட்டில் 20 மணி, மிச்சம் ‘ஃபுவோரி பூஸ்தா’ என்று உறையில். கையில் வருவது கூடுதலாகத் தெரிவதால் பலர் சம்மதிக்கிறார்கள். ஆனால் அந்த உறைப் பணத்துக்கு ஓய்வூதியம் இல்லை, டி.எஃப்.ஆர் இல்லை, பதின்மூன்றாவது இல்லை, வேலை போனால் கிடைக்கும் கொடுப்பனவும் 20 மணிக்குத்தான். வேலையில் அடிபட்டால் இனாயில் தரும் தொகையும் அப்படியே.

இன்னொன்று ‘த்ரஸ்ஃபெர்தா இத்தாலியா’. வெளியூருக்கு வேலைக்கு அனுப்பினால் நாளுக்கு 46.48 யூரோ வரை வரியும் காப்புறுதியும் இல்லாமல் தரலாம். தன் பட்டறையை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவரின் சீட்டில் மாதம் 400 யூரோ த்ரஸ்ஃபெர்தா இருந்தால், அது கூடுதல் நேர வேலையை மறைக்கும் வழி. நெத்தோ சரியாக இருக்கும், இம்போனீபிலே மெலிந்திருக்கும்.

வேலை செய்த நாளைச் ‘சம்பளமில்லா அனுமதி’ என்று எழுதுவது, வாங்காத முன்பணத்தை ‘அக்கொந்தோ’ என்று கழிப்பது, வங்கியில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு ஒரு பகுதியைக் கையில் திருப்பிக் கேட்பது இவையும் உண்டு. கடைசியாகச் சொன்னது அப்பட்டமான குற்றம். மிரட்டி வாங்கியதாக நிரூபணமானால் சிறை வரை போகும்.

என்றைக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் தினமும் எழுதி வையுங்கள். வேலை நேரப் பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாளை பத்து மணிக்கு வா’ என்ற வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். வழக்கு என்று வந்தால் இவை உதவும்.

வீட்டு வேலைக்கும் இதே கணக்கா?

இல்லை. கோல்ஃப் (வீட்டுப் பணியாளர்), பதாந்தே வேலையில் வீட்டுக்காரர் இன்ப்ஸ் மட்டும்தான் கட்டுவார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வருமான வரி பிடிக்க மாட்டார். ஆகவே சீட்டு பளிச்சென்று இருக்கும். வரியே இல்லை என்று அர்த்தமில்லை, நீங்களே 730 போன்ற வரி அறிக்கை கொடுத்துக் கட்ட வேண்டும் என்று அர்த்தம். ஆண்டு முழுவதும் வேலை செய்து வரிக்குரிய வருமானம் 8,500 யூரோவைத் தாண்டவில்லை என்றால் பொதுவாகக் கட்ட ஒன்றுமிராது. 15,000க்குள் இருப்பவர்கள் அறிக்கை கொடுத்தால் மேலே சொன்ன த்ரத்தமெந்தோவையும் வாங்கலாம். கொடுக்காமலே இருந்து அதை இழப்பவர்கள் நம்மிடையே நிறைய.

தோட்ட வேலையில் பதின்மூன்றாவது சம்பளமும் விடுப்பும் காணோமே?

தற்காலிக விவசாயத் தொழிலாளிக்கு அவையெல்லாம் நாட்கூலிக்குள்ளேயே 30.44% ‘தெர்சோ எலெமெந்தோ’ என்று சேர்ந்திருக்கும். இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது நாட்களின் எண்ணிக்கை. இருபது நாள் வேலை செய்து சீட்டில் ஆறு நாள் என்று எழுதினால், விவசாய வேலையில்லாக் கொடுப்பனவுக்குத் தேவையான, இரண்டு ஆண்டில் 102 நாள் என்ற கணக்கு எட்டாது. விண்ணப்பத்தின் கடைசி நாள் மார்ச் 31.

சொஜ்ஜோர்னோவுக்கும் குடும்பத்தை அழைப்பதற்கும் எந்தத் தொகையைப் பார்க்கிறார்கள்?

நெத்தோவை அல்ல. ஆண்டு வருமானத்துக்கு அடுத்த மார்ச் 16க்குள் முதலாளி தரும் சி.யு, அதோடு அண்மைய மாதச் சீட்டுகள். அளவுகோல் முதியோருக்கான அசெஞ்ஞோ சொசியாலே தொகை: 2025இல் ஆண்டுக்கு 7,002.97 யூரோ. மனைவியை அழைக்க அதனோடு பாதி சேர்த்து 10,504 சொச்சம், இரண்டு பேருக்கு 14,006 அளவில். 20 மணி என்று எழுதவைத்து மிச்சத்தை உறையில் வாங்கியவர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கையில் 1,400 வந்திருக்கும், தாளில் ஆண்டுக்கு 9,000 இருக்கும்.

பிடித்த இன்ப்ஸை முதலாளி உண்மையிலேயே கட்டினாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பித் எனப்படும் இணைய அடையாளம் அல்லது மின்னணு அடையாள அட்டை கொண்டு இன்ப்ஸ் தளத்துக்குள் போய் கட்டிய காப்புறுதியின் பட்டியலான ‘எஸ்த்ராத்தோ கொந்தோ’வைத் திறந்து பாருங்கள். முடியாவிட்டால் பத்ரொனாத்தோ எனப்படும் உதவி அலுவலகத்தில் எடுத்துத் தருவார்கள். சில மாதம் தாமதமாக ஏறுவது சகஜம். ஆண்டு முழுக்கக் காலியாக இருந்தால் சகஜமில்லை. கட்டாத காப்புறுதியைக் கேட்கும் உரிமை ஐந்து ஆண்டில் காலாவதியாகிவிடும், அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது அவசியம். வாரங்களையும் எண்ணுங்கள். 2025இல் வாரத்துக்கு 241.36 யூரோவாவது சம்பளம் இருந்தால்தான் ஓய்வூதியத்துக்கு அது முழு வாரம். அதனால் சிறு பார்ட்-டைம்காரருக்கு ஆண்டில் 52 வாரம் சேராது.

தவறு கண்டால் முதலில் முதலாளியின் கணக்காளரிடம் எழுத்தில் கேளுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே தீரும். தீராவிட்டால் சி.ஜி.ஐ.எல், சி.ஐ.எஸ்.எல், யு.ஐ.எல் போன்ற தொழிற்சங்கங்களின் வெர்தென்சே (தகராறு) பிரிவுக்குப் போகலாம், அல்லது தொழில் ஆய்வகத்தில் முறையிடலாம். நெத்தோ எழுதிய சீட்டு கையில் இருந்து பணம் வராத நிலை என்றால், அந்தச் சீட்டையே சான்றாக வைத்து நீதிமன்றத்தில் பணத்தைக் கொடுக்கச் சொல்லும் ஆணை வாங்கலாம். அதனால்தான் பழைய சீட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம் என்கிறேன்.

வேலையை விட்டால் கடைசிச் சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

அந்த மாதச் சம்பளம், பதின்மூன்றாவதிலும் பதினான்காவதிலும் சேர்ந்த பங்கு, எடுக்காத ஃபெரியே, ரோல், அப்புறம் டி.எஃப்.ஆர். சில நிறுவனங்கள் டி.எஃப்.ஆரை ஓரிரு மாதம் கழித்துத் தனிச் சீட்டில் தரும். மிச்சமிருக்கும் மாநில, ஊராட்சி வரியை ஒரே தடவையில் பிடிப்பார்கள். முன்னறிவிப்பு நாட்களை முடிக்காமல் போனால் அதற்கும் ஒரு கழிவு உண்டு. டி.எஃப்.ஆரில் இன்ப்ஸ் பிடிக்கக் கூடாது, வரி மட்டும் தனிக் கணக்கில்.

ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினால் கட்டிய இன்ப்ஸைத் திருப்பி வாங்க முடியுமா?

முடியாது. அப்படி வாங்கும் வழி முன்பு இருந்தது, 2002இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பணம் அழிவதில்லை. 1996க்குப் பிறகு முதன்முதலாகக் காப்புறுதி கட்டத் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலான தொழிலாளி நாடு திரும்பிவிட்டால், 20 ஆண்டு கட்டியிருக்காவிட்டாலும் 67 வயதில் ஓய்வூதியம் கேட்கலாம். பருவகால விசாவில் வந்தவர்களுக்கு இது பொருந்தாது. புறப்படும் முன் எஸ்த்ராத்தோ கொந்தோவை அச்செடுத்து, சீட்டுகளையும் சி.யுக்களையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பத்ரொனாத்தோவில் ஊர் முகவரியையும் ஐபான் எனப்படும் வங்கிக் கணக்கு எண்ணையும் எப்படிப் பதிவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.